லூனார் பார்க்

லூனார் பார்க் என்பது அமெரிக்க எழுத்தாளர் பிரெட் ஈஸ்டன் எல்லிஸ் எழுதிய ஆங்கிலப் புதினம் ஆகும். இது 2005 ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் வெளியானது. தலைப்பை நிலவுப் பூங்கா எனத் தமிழில் பொருள் கொள்ளலாம். கதையின் முதன்மைப் பாத்திரத்தின் பெயரும் பிரெட் ஈஸ்டன் எல்லிஸ் என்பதே. அப்பாத்திரமும் எழுத்தாளரே, உண்மையான எல்லிஸ் எழுதிய நூல்களையே தானும் எழுதியதாகக் கூறுகிறார். ஓர் எழுத்தாளரின் தன்வரலாறு போலத் தொடங்கும் இந்நூல், குடும்பக் கதையாக வளர்ந்து, பேய்க்கதையாக மாறி, இறந்த தந்தைக்கு மகன் செலுத்தும் இறுதிக்கடனாக முடிகிறது.

இக்கட்டுரையில் நூலை எழுதியவர் எல்லிஸ் என்றும், கதைக்குள் வரும் பாத்திரம் பிரெட் என்றும் குறிக்கப்படுகின்றனர்.

நூல் விவரம்

நூலாசிரியர்: பிரெட் ஈஸ்டன் எல்லிஸ்
நாடு: ஐக்கிய அமெரிக்கா
மொழி: ஆங்கிலம்
வகை: தன்புனைவு, திகில், குடும்பக் கதை
பதிப்பகம்: ஆல்பிரட் நாப்
வெளியான ஆண்டு: 2005
முந்தைய புதினம்: கிளாமராமா (1998)
அடுத்த புதினம்: இம்பீரியல் பெட்ரூம்ஸ் (2010)

பின்னணி

எல்லிஸ் 1964 ஆம் ஆண்டு மார்ச் 7 ஆம் நாள் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் பிறந்தார். அந்நகரின் ஷெர்மன் ஓக்ஸ் பகுதியில் வளர்ந்தார். தந்தை ராபர்ட் எல்லிஸ் நிலம், கட்டடம் சார்ந்த தொழிலில் ஈடுபட்டுச் செல்வம் ஈட்டியவர். தந்தைக்கும் மகனுக்கும் இடையிலான உறவு கசப்பானதாகவே இருந்தது என எல்லிஸ் பேட்டிகளில் பலமுறை கூறியுள்ளார். ராபர்ட் எல்லிஸ் 1992 ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் இறந்தார்.

வெர்மான்ட் மாநிலத்திலுள்ள பென்னிங்டன் கல்லூரியில் மாணவராக இருந்தபோதே எல்லிஸின் முதல் புதினமான லெஸ் தேன் சீரோ (1985) வெளியாகிப் புகழ்பெற்றது. அப்போது அவருக்கு வயது 21. இரண்டாவது புதினமான தி ரூல்ஸ் ஆஃப் அட்ராக்சன் 1987 இல் வந்தது.

மூன்றாவது புதினமான அமெரிக்கன் சைக்கோ அவருடைய வாழ்க்கையையே மாற்றியது. பேட்ரிக் பேட்மேன் என்னும் இளம் வங்கி அலுவலர் தன் கொடூரக் கொலைகளைத் தானே விவரிக்கும் இந்நூலை வெளியிட ஒப்புக்கொண்டிருந்த சைமன் அண்டு சூஸ்டர் நிறுவனம், எதிர்ப்பு எழுந்ததால் 1990 நவம்பரில் பின்வாங்கியது. பின்னர் வின்டேஜ் பதிப்பகம் 1991 இல் நூலை வெளியிட்டது. நூலாசிரியருக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. பாத்திரத்தின் குரலும் நூலாசிரியரின் குரலும் ஒன்றே எனப் பலர் கருதினர். இக்குழப்பமே பதினான்கு ஆண்டுகளுக்குப் பின் லூனார் பார்க் புதினத்தின் மூலப்பொருளாக அமைந்தது எனலாம்.

லூனார் பார்க் எழுதப்பட்டுக் கொண்டிருந்த காலத்தில் மற்றொரு மரணமும் நேர்ந்தது. எல்லிஸின் துணைவராக இருந்த இளைஞர் ஒருவர் 2004 ஆம் ஆண்டு சனவரியில், 30 வயதில் திடீரென இறந்தார். அவ்விழப்பு நூலை முடிக்கத் தம்மை உந்தியதாக எல்லிஸ் கூறியுள்ளார். நூல் அவருக்கும், 1992 இல் இறந்த தந்தைக்கும் காணிக்கையாக்கப்பட்டுள்ளது.

வகை

நூலாசிரியர் தம் சொந்தப் பெயரையும் வாழ்க்கையையும் கதைக்குள் கொண்டுவந்து, அவற்றோடு கற்பனையைக் கலந்து எழுதும் முறை தன்புனைவு எனப்படும். இதற்கு ஈடான பிரெஞ்சுச் சொல்லை 1977 இல் செர்ஜ் துப்ரோவ்ஸ்கி என்னும் பிரெஞ்சு எழுத்தாளர் தம் நூலொன்றைக் குறிக்க உருவாக்கினார். ஆங்கிலத்திலும் இதற்கு முன்மாதிரிகள் உள்ளன. பால் ஆஸ்டரின் சிட்டி ஆஃப் கிளாஸ் (1985) புதினத்தில் பால் ஆஸ்டர் என்ற பெயரிலேயே ஒரு பாத்திரம் வருகிறது. பிலிப் ராத்தின் ஆபரேசன் ஷைலாக் (1993) புதினத்தில் பிலிப் ராத் என்ற எழுத்தாளர், தம் பெயரில் உலவும் மற்றொருவரைத் தேடிச் செல்கிறார்.

இவற்றிலிருந்து லூனார் பார்க் ஒரு முக்கியமான வகையில் வேறுபடுகிறது. தன்வரலாற்றை வாசிப்பவர் அதை நம்ப முற்படுகிறார். பேய்க்கதையை வாசிப்பவர் நம்பாமலேயே அஞ்சுகிறார். ஒன்றுக்கொன்று எதிரான இவ்விரு வாசிப்பு முறைகளையும் எல்லிஸ் ஒரே நூலில் இணைத்துள்ளார். சரிபார்க்கத்தக்க செய்திகளால் முதலில் வாசகரின் நம்பிக்கையைப் பெற்று, அதன் பின்னரே நடக்க இயலாதவற்றைச் சொல்லத் தொடங்குகிறார்.

நூல் வெளியான காலமும் கருதத்தக்கது. ஒப்புதல் வாக்குமூலம் போன்ற தன்வரலாறுகள் அப்போது அமெரிக்காவில் பெருமளவில் விற்பனையாகிக் கொண்டிருந்தன. லூனார் பார்க் வெளிவந்த சில மாதங்களில், 2006 சனவரியில், ஜேம்ஸ் பிரே என்பவர் தம் போதைப் பழக்கத்தைப் பற்றி எழுதிய தன்வரலாற்றின் பல பகுதிகள் புனையப்பட்டவை என வெளிப்பட்டுப் பெரும் சர்ச்சை எழுந்தது. பிரே புனைவை உண்மை என அளித்தார். எல்லிஸோ புதினம் என வெளிப்படையாக அறிவித்த நூலுக்கு உண்மையின் தோற்றத்தை அளித்தார்.

முதன்மைக் கதைமாந்தர்

பிரெட் ஈஸ்டன் எல்லிஸ் – கதைசொல்லி. புகழ்பெற்ற எழுத்தாளர். மது, போதைப்பொருள் பழக்கங்களிலிருந்து விடுபட முயன்று தோற்பவர்.

ஜேன் டென்னிஸ் – பிரெட்டின் மனைவி. புகழ்பெற்ற திரைப்பட நடிகை.

ராபி – பிரெட்டுக்கும் ஜேனுக்கும் பிறந்த மகன். பதினொரு வயதுச் சிறுவன். ராபர்ட் என்னும் பாட்டனார் பெயரின் சுருக்கமே இவனது பெயர்.

சாரா – ஜேனுக்கு மற்றொருவர் மூலம் பிறந்த ஆறு வயது மகள்.

எய்மி லைட் – பிரெட்டின் நூல்களைப் பற்றி ஆய்வு செய்யும் மாணவி.

கிளேட்டன் – கல்லூரி மாணவன் எனத் தன்னை அறிமுகப்படுத்திக் கொள்ளும் இளைஞன்.

டொனால்ட் கிம்பல் – துப்பறிவாளர். அமெரிக்கன் சைக்கோ புதினத்திலும் இதே பெயரில் ஒரு துப்பறிவாளர் உண்டு.

ராபர்ட் மில்லர் – பேய் பிடித்த வீடுகளை ஆராய்பவர்.

ராபர்ட் எல்லிஸ் – பிரெட்டின் இறந்த தந்தை.

கதைச் சுருக்கம்

(இப்பகுதியில் புதினத்தின் முடிவு கூறப்பட்டுள்ளது.)

முதல் அத்தியாயம்

நூலின் முதல் அத்தியாயம் முற்றிலும் தன்வரலாற்று நடையில் அமைந்தது. பிரெட் தன் முந்தைய புதினங்களின் முதல் வரிகளை ஒவ்வொன்றாக ஆராய்கிறார். எளிமையாகத் தொடங்கிய தன் எழுத்து, நூலுக்கு நூல் சிக்கலாகிப் போனதைத் தானே எடுத்துக்காட்டுகிறார். இளமையில் கிடைத்த புகழ், பணம், போதைப் பழக்கம், அமெரிக்கன் சைக்கோ எழுப்பிய புயல், கிளாமராமா நூலுக்கான நீண்ட விளம்பரப் பயணம் ஆகியவை நகைச்சுவையோடு கூறப்படுகின்றன. அப்பயணத்தின்போது அவர் போதைப்பொருளைத் தொடாமல் பார்த்துக்கொள்ளப் பதிப்பகம் ஒரு காவலரை அமர்த்துவதும், அது பயனற்றுப் போவதும் இப்பகுதியின் சிரிப்பூட்டும் இடங்கள்.

இதற்கிடையே ஜேன் டென்னிஸுடன் ஏற்பட்ட உறவு, குழந்தை பிறந்தது, அக்குழந்தை தன்னுடையது அன்று என பிரெட் மறுத்தது, பல ஆண்டுகளுக்குப் பின் ஜேன் அவருக்கு மற்றொரு வாய்ப்பு அளித்தது ஆகியவையும் சொல்லப்படுகின்றன. இருவரும் திருமணம் செய்துகொள்கின்றனர். புதினத்தின் உலகில் அமெரிக்கப் பெருநகரங்களில் குண்டுவெடிப்புகள் தொடர்கின்றன. அவற்றுக்கு அஞ்சி ஜேன் குழந்தைகளுடன் புறநகர்ப் பகுதி ஒன்றில் குடியேறுகிறார். பிரெட்டும் அங்கு சென்று சேர்கிறார்.

எல்சினோர் தெருவில் உள்ள வீடு

முதன்மைக் கதை 2003 ஆம் ஆண்டு அக்டோபர் 30 ஆம் நாள், ஆலோவீன் விழாவுக்கு முந்தைய இரவு தொடங்குகிறது. எல்சினோர் தெருவில் உள்ள பெரிய வீட்டில் பிரெட் ஒரு விருந்து நடத்துகிறார். கைவிட்டதாகச் சொன்ன போதைப் பழக்கம் அன்றே திரும்புகிறது. விருந்துக்கு வந்தவர்களிடையே பேட்ரிக் பேட்மேனைப் போல உடையணிந்த இளைஞன் ஒருவனை அவர் காண்கிறார். அவன் கிளேட்டன். தன் தந்தை வைத்திருந்ததைப் போன்ற வெளிர்மஞ்சள் நிற மெர்சிடிஸ் வண்டியும் அப்பகுதியில் தென்படத் தொடங்குகிறது.

அதன் பின்னர் வீட்டில் விளக்கமுடியாத மாற்றங்கள் நிகழ்கின்றன. அறையிலுள்ள இருக்கைகள் இடம் மாறுகின்றன. தரைவிரிப்பின் நிறம் மாறுகிறது. வெளிச்சுவரின் வண்ணப்பூச்சு உரிந்து, அடியில் வேறு நிறம் தெரிகிறது. ஷெர்மன் ஓக்ஸில் தான் வளர்ந்த வீடாக இவ்வீடு மெல்ல மாறி வருகிறது என்பதை பிரெட் உணர்கிறார். மற்றவர்கள் இம்மாற்றங்களைப் பொருட்படுத்துவதில்லை; பிரெட்டின் போதைப் பழக்கமே இவற்றுக்குக் காரணம் என்று ஜேன் கருதுகிறார்.

சாராவின் பொம்மை ஒன்றும் அச்சத்தை விளைவிக்கிறது. பறவை உருவமுடைய அப்பொம்மையின் பெயர் டெர்பி. இப்பெயரின் ஆங்கில எழுத்துகளை வலமிருந்து இடமாகப் படித்தால் "ஏன், பிரெட்?" எனப் பொருள்படும் ஆங்கிலத் தொடரின் ஒலி கிடைக்கிறது. பொம்மை தானாக நகர்வதாகவும், வீட்டு நாயைத் தாக்குவதாகவும் பிரெட் நம்புகிறார்.

ஒவ்வோர் இரவும் சரியாக 2.40 மணிக்கு அவருக்கு வெற்று மின்னஞ்சல்கள் வருகின்றன. அவை ஷெர்மன் ஓக்ஸில் உள்ள வங்கிக் கிளையிலிருந்து அனுப்பப்பட்டவை. அவ்வங்கியின் பாதுகாப்புப் பெட்டகத்தில்தான் தந்தையின் சாம்பல் வைக்கப்பட்டுள்ளது. தந்தை இறந்த நேரமும் 2.40 மணியே. ஒரு மின்னஞ்சலுடன் வந்த ஒளிப்படக் கோப்பில், தந்தை தன் வாழ்வின் கடைசி இரவில் தனியே இருக்கும் காட்சி காணப்படுகிறது.

கொலைகளும் காணாமல்போகும் சிறுவர்களும்

துப்பறிவாளர் டொனால்ட் கிம்பல் பிரெட்டைச் சந்தித்து, அமெரிக்கன் சைக்கோ நூலில் வரும் கொலைகளை யாரோ ஒருவர் அதே முறையில் செய்து வருவதாகக் கூறுகிறார். பேட்மேனின் சொற்களை அப்படியே நம்பிவிட முடியாது, அக்கொலைகள் அவனது கற்பனையாகவும் இருக்கலாம் என்பதே பிரெட் தன் நூலுக்குக் கூறிவந்த சமாதானம். இப்போது உண்மையான மனிதர்கள் இறந்துகொண்டிருப்பதால் அச்சமாதானம் பயனற்றுப் போகிறது. தன்னைத் துப்பறிவாளர் எனக் கூறிக்கொண்டவர் உண்மையில் துப்பறிவாளர் அல்லர் என்பது பின்னர் தெரிய வருகிறது.

இன்னொரு புறம், ராபியின் வயதையொத்த சிறுவர்கள் ஒவ்வொருவராகக் காணாமல் போகின்றனர். பெற்றோர் மிகுந்த செல்வம் படைத்தவர்கள். பிள்ளைகள் மனநல மருந்துகளை உட்கொண்டு, பாடங்களாலும் எதிர்பார்ப்புகளாலும் நெருக்கப்பட்டு வாழ்கின்றனர். ராபி தன் தந்தையிடம் எதையும் பேசுவதில்லை. கணினித் திரையை அவரிடமிருந்து மறைக்கிறான். காணாமல்போன சிறுவர்களுடன் அவனுக்குத் தொடர்பு இருக்கலாம் என்ற ஐயம் பிரெட்டுக்கு எழுகிறது.

முடிவு

பேய்களை ஆராயும் ராபர்ட் மில்லர் வீட்டைச் சோதித்த பின், வீட்டைப் பேய் பிடிக்கவில்லை, பிரெட்டையே பிடித்துள்ளது என்ற முடிவுக்கு வருகிறார். பிரெட் எழுத்தில் படைத்த தீய உருவங்கள் ஒரு புறம் அவரைச் சூழ்கின்றன. மறுபுறம் தந்தையின் ஆவி எதையோ சொல்ல முயல்கிறது. மகனைத் துன்புறுத்துவது அதன் நோக்கம் அன்று. அது எச்சரிக்கவே வந்துள்ளது. அவ்வெச்சரிக்கை ராபியைப் பற்றியது. பிரெட் அதைப் புரிந்துகொள்ளும்போது காலம் கடந்துவிடுகிறது.

ராபி காணாமல் போகிறான். அவன் கடத்தப்படவில்லை, மற்றச் சிறுவர்களைப் போலவே தானாக விரும்பி வெளியேறியிருக்கலாம் என்பதற்கான குறிப்புகள் நூலில் உள்ளன. திருமணம் முறிகிறது. பிரெட் ஷெர்மன் ஓக்ஸுக்குச் சென்று வங்கிப் பெட்டகத்தைத் திறந்து தந்தையின் சாம்பலை எடுக்கிறார். அவ்வூரில் உள்ள சாதாரண உணவகம் ஒன்றில் ராபியை அவர் சிறிது நேரம் சந்திக்கிறார். மகனைத் தடுத்து நிறுத்த அவர் முயலவில்லை. இறுதியில் சாம்பல் கடலில் தூவப்படுகிறது. காற்றில் பரவும் அச்சாம்பல், குடும்பத்தின் கடந்தகாலத்தின் மீது ஒவ்வொரு நினைவாகப் படிந்து செல்வதாக எழுதப்பட்ட நீண்ட பத்தியோடு புதினம் நிறைவடைகிறது.

உண்மையும் புனைவும்

நூலில் எது உண்மை, எது கற்பனை என்பது வாசகருக்கு எளிதில் புலப்படாதவாறு கலக்கப்பட்டுள்ளது. முதன்மையானவற்றைப் பின்வருமாறு பிரித்துக் காணலாம்.

உண்மையானவை: எல்லிஸின் முந்தைய நூல்களின் பெயர்கள், லாஸ் ஏஞ்சலஸில் கழிந்த இளமைக்காலம், பென்னிங்டன் கல்லூரி, இளம்வயதுப் புகழ், அமெரிக்கன் சைக்கோ தொடர்பான சர்ச்சை, தந்தையின் பெயர், அவர் 1992 இல் இறந்தது ஆகியன. எல்லிஸின் நண்பரும் எழுத்தாளருமான ஜே மெக்கினர்னி கதையில் தம் உண்மைப் பெயரிலேயே விருந்தினராக வருகிறார்.

கற்பனையானவை: ஜேன் டென்னிஸ் என்னும் நடிகை எவரும் இல்லை. எல்லிஸ் அவ்வாறு ஒருவரைத் திருமணம் செய்ததும் இல்லை. அவருக்கு ராபி என்னும் மகனும் இல்லை. கதையில் வரும் புறநகர், எல்சினோர் தெரு, காணாமல்போகும் சிறுவர்கள், கொலைகள் ஆகியன அனைத்தும் புனையப்பட்டவை. அமெரிக்கப் பெருநகரங்களில் தொடரும் குண்டுவெடிப்புகளும் கற்பனையே.

இக்கலவை கவனத்துடன் அமைக்கப்பட்டது. வாசகர் சரிபார்க்கக்கூடிய செய்திகள் பெரும்பாலும் முதல் அத்தியாயத்தில் உள்ளன. ஆனால் அவ்வத்தியாயத்திலேயே ஜேன் டென்னிஸும் நுழைந்துவிடுகிறார். உண்மையான நடிகர்களின் பெயர்களுக்கு நடுவே அவர் பெயரும் வருவதால், ஐயம் எழுவதில்லை. இவ்வாறு ஒரு சிறிய பொய்யை ஏற்றுக்கொண்ட வாசகர், பின்னர் வரும் பெரிய பொய்களுக்கும் தயாராகிவிடுகிறார். நிகழ்ந்தவை அனைத்தும் உண்மை எனக் கதைசொல்லி வற்புறுத்துவதும் இதே உத்தியின் பகுதியாகும்.

மற்றொரு முரணும் இதில் உள்ளது. தன்வரலாற்றுப் பகுதியில் பிரெட் தன் குறைகளைத் தயக்கமின்றி அடுக்குகிறார். ஆயினும் அப்பகுதி உணர்ச்சியற்றே இருக்கிறது. தந்தையைப் பற்றிய துயரம் முழுமையாக வெளிப்படுவது, நடக்கவே இயலாத பேய்க்கதைப் பகுதியில்தான். உண்மைச் செய்திகள் முகமூடியாகவும், கற்பனை வாக்குமூலமாகவும் செயற்படுகின்றன என்பதே இந்நூலின் தனித்தன்மை.

இலக்கியத் தொடர்புகள்

ஹாம்லெட்

புதினம் முழுவதும் ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் நாடகத்தின் குறிப்புகள் பரவியுள்ளன. நூலின் முகப்பில் அந்நாடகத்திலிருந்து ஒரு பகுதி மேற்கோளாக இடம்பெற்றுள்ளது. நாடகத்தில் டென்மார்க் அரசனின் அரண்மனை அமைந்துள்ள இடத்தின் பெயர் எல்சினோர். புதினத்தில் அது குடும்பம் வாழும் தெருவின் பெயராகிறது. ஓஃபீலியா, ஃபோர்டின்ப்ராஸ், ஆஸ்ரிக் ஆகிய நாடகப் பாத்திரங்களின் பெயர்கள் சாலைக்கும் வணிக வளாகத்துக்கும் விடுதிக்கும் இடப்பட்டுள்ளன.

இவை வெறும் பெயர் விளையாட்டு அல்ல. இறந்த தந்தையின் ஆவி மகனிடம் வந்து பேசுவதே ஹாம்லெட் நாடகத்தின் தொடக்கம். அங்கு ஆவி பழிவாங்குமாறு கேட்கிறது. லூனார் பார்க்கில் ஆவி கேட்பது கவனம் மட்டுமே. ஹாம்லெட் மகனாக மட்டும் இருப்பவன். பிரெட்டோ ஒரே நேரத்தில் மகனாகவும் தந்தையாகவும் இருப்பவர். ஆகவே ஆவியின் செய்தியைச் செவிமடுக்கத் தவறுவதன் விலையை அவருடைய மகன் செலுத்த நேர்கிறது.

திகில் இலக்கியம்

இப்புதினம் ஸ்டீபன் கிங்கின் திகில் கதைகளுக்குத் தாம் செலுத்தும் மரியாதை என எல்லிஸ் கூறியுள்ளார். கிங்கின் தி ஷைனிங் (1977) புதினத்திலும் குடிப்பழக்கத்துடன் போராடும் எழுத்தாளரே தந்தையாக வருகிறார். அவர் தங்கும் கட்டடமே அவருக்கும் மகனுக்கும் எதிராகத் திரும்புகிறது. கிங்கின் தி டார்க் ஹாஃப் (1989) புதினத்தில் ஓர் எழுத்தாளர் பயன்படுத்திய புனைபெயர் உயிர்பெற்று வந்து கொலைகள் செய்கிறது. எழுத்து தன்னை எழுதியவரிடம் கணக்குக் கேட்கும் என்ற எண்ணம் இக்கதைகள் அனைத்துக்கும் பொதுவானது.

கருப்பொருள்கள்

தந்தையும் மகனும்

நூலின் மையம் மூன்று தலைமுறை ஆண்களின் உறவாகும். ராபர்ட் தன் மகனிடம் கடுமையாக நடந்துகொண்டார். பிரெட் அவரிடமிருந்து தப்பி ஓடி எழுத்தாளரானார். தந்தையின் சாம்பலைக்கூட உரிய முறையில் கரைக்காமல் வங்கிப் பெட்டகத்தில் பூட்டி வைத்தார். பின்னர் தன் சொந்த மகனைத் தன்னுடையவன் அன்று என்று மறுத்தார். தான் வெறுத்த ஒருவராகத் தானே மாறிவிட்டதை அவர் மிகத் தாமதமாக உணர்கிறார். வீடு மெல்ல மெல்லப் பழைய வீடாக மாறுவது இதன் புற வடிவமே. புதிய ஊர், புதிய மனைவி, புதிய வாழ்வு என எங்குச் சென்றாலும் அவர் திரும்பத் திரும்பக் குடியேறுவது தந்தையின் வீட்டிலேயே.

இதில் பழி யாருடையது என்ற வினாவுக்குப் புதினம் எளிய விடை அளிக்கவில்லை. தந்தை கொடியவராக இருந்தார் என்பதை அது மறுப்பதில்லை. ஆனால் அவரும் தனிமையில், அச்சத்துடன், யாரும் அருகில் இல்லாமல் இறந்தவர் என்பதையும் அது மறைப்பதில்லை. ஒளிப்படக் கோப்பில் தந்தையின் கடைசி இரவைக் காண நேரும் காட்சியே நூலில் உள்ள பேய்கள் எல்லாவற்றையும்விட அச்சமூட்டுவதாகும்.

எழுத்தாளரின் பொறுப்பு

பேட்ரிக் பேட்மேன் பாத்திரத்துக்குத் தன் தந்தையே மாதிரி எனப் புதினத்தில் பிரெட் கூறுகிறார். உண்மையான எல்லிஸும் தொடக்ககாலப் பேட்டிகளில் இவ்வாறே கூறினார். பிற்காலத்தில் அவர் இக்கூற்றிலிருந்து விலகி, அப்பாத்திரம் தம் சொந்தத் தனிமையிலிருந்தும் தன்வெறுப்பிலிருந்தும் பிறந்தது எனத் தெரிவித்தார். இவ்விரு கூற்றுகளுக்கும் இடைப்பட்ட நூலாக லூனார் பார்க் விளங்குகிறது. பேட்மேனின் கொலைகள் கதைசொல்லியின் ஊருக்குள்ளேயே நிகழும்போது, தந்தையைச் சுட்டித் தப்பித்துக்கொள்ளும் வழி அடைபடுகிறது.

கதைசொல்லியின் உள்ளத்தில் எழுத்தாளன் எனக் குறிப்பிடப்படும் தனிக் குரல் ஒன்றும் அவ்வப்போது பேசுகிறது. கணவனாகவும் தந்தையாகவும் பிரெட் அஞ்சும் நிகழ்ச்சிகளை அக்குரல் சுவையான கதைப்பொருளாகக் காண்கிறது. குடும்பம் சிதையும்போதும் அதைக் குறிப்பெடுக்கத் துடிக்கும் மனநிலையைப் புதினம் கடுமையாக ஆராய்கிறது.

புறநகர் வாழ்வு

பெற்றோர்–ஆசிரியர் சந்திப்பு, தம்பதியருக்கான மனநல ஆலோசனை, அண்டை வீட்டாருடன் இரவு உணவு ஆகிய காட்சிகளில் வளமான அமெரிக்கப் புறநகர் வாழ்வு பகடி செய்யப்படுகிறது. பிள்ளைகளின் பாதுகாப்புக்காகவே பெற்றோர் நகரங்களை விட்டு வந்தனர். ஆனால் பிள்ளைகள் காணாமல் போவது அங்குதான். ஆபத்து வெளியிலிருந்து வரும் எனக் காத்திருந்தவர்கள், பக்கத்து அறையில் அமைதியாக இருந்த சிறுவனைக் கவனிக்கவில்லை.

வரவேற்பு

புதினம் கலவையான விமர்சனங்களைப் பெற்றது. முதல் அத்தியாயத்தின் நகைச்சுவையும், இறுதிப் பத்தியின் உருக்கமும் பரவலாகப் பாராட்டப்பட்டன. உணர்ச்சியற்ற எழுத்து எனக் குற்றம் சாட்டப்பட்டு வந்த எல்லிஸிடமிருந்து இத்தகைய நெகிழ்ச்சியை எதிர்பார்க்கவில்லை எனப் பலர் எழுதினர். பொம்மை, அரக்க உருவங்கள் ஆகியன வரும் நடுப்பகுதி திகிலூட்டுவதற்குப் பதில் செயற்கையாக உள்ளது என்றும், பகடியா உண்மையான பேய்க்கதையா எனத் தெளிவில்லை என்றும் குறை கூறியோரும் உண்டு. 2006 ஆம் ஆண்டு உலகக் கனவுருப்புனைவு விருதின் சிறந்த புதினப் பிரிவுக்கு இந்நூல் பரிந்துரைக்கப்பட்டது.

பிந்தைய நூல்கள்

எல்லிஸ் அடுத்து எழுதிய இம்பீரியல் பெட்ரூம்ஸ் (2010), லெஸ் தேன் சீரோ கதையின் தொடர்ச்சியாகும். தம் சொந்தப் பெயரைப் பாத்திரமாக்கும் முறைக்கு அவர் தி ஷார்ட்ஸ் (2023) புதினத்தில் மீண்டும் திரும்பினார். 1981 ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலஸில் பள்ளி இறுதியாண்டு படிக்கும் பிரெட் என்னும் பதினேழு வயது மாணவன், தொடர் கொலைகாரன் ஒருவனைப் பற்றிய அச்சத்துடன் வாழ்வதே அதன் கதை. நூலாவதற்கு முன் எல்லிஸ் அதைத் தம் ஒலிபரப்பில் பகுதி பகுதியாகப் படித்தளித்தார். உண்மையான இளமை நினைவுகளுடன் புனைந்த கொலைகளைக் கலக்கும் அந்நூலுக்கு முன்னோடியாக லூனார் பார்க் அமைகிறது. ஆயினும் இரண்டுக்கும் இடையே வேறுபாடு உண்டு. தி ஷார்ட்ஸ் இளமையைத் திரும்பிப் பார்க்கும் நூல். லூனார் பார்க், இறந்தவரிடம் பேச வேண்டியதைப் பேசாமல் விட்ட ஒருவரின் நூல்.

இவற்றையும் பார்க்க

பிரெட் ஈஸ்டன் எல்லிஸ்
அமெரிக்கன் சைக்கோ
தன்புனைவு
ஹாம்லெட்
தி ஷைனிங்
ஸ்டீபன் கிங்

பகுப்புகள்: அமெரிக்கப் புதினங்கள் | 2005 நூல்கள் | திகில் புதினங்கள்